ரியாத் நேரம் காட்டிய லேப்டாப்

தென்காசியில் ஜாஹிரா பீவியிடம் ஒரு பொருளை விற்றுவிடுவது லேசான காரியமில்லை. தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், மொட்டை மாடியில் சூரியத் தகடு பதிக்கலாம் என்று வந்தவர், வாசல் கேட்டுக்குப் புது பெயிண்ட் அடிக்கலாம் என்று வந்தவர், எல்லோருக்கும் டீ கிடைக்கும். முறுக்கு கிடைக்கும். கடைசியில் ஒரே பதிலும் கிடைக்கும்.

"கேட்டுட்டுச் சொல்லுதேன்."

யாரிடம் கேட்டு என்று அந்தத் தெருவில் யாரும் விசாரிப்பதில்லை. பாதி வீடுகளின் முடிவுகள் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. கேட் பச்சையா நீலமா என்பது தம்மாமில் முடிவாகும். மருமகளுக்கு எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் என்பது ஷார்ஜாவில் முடிவாகும். போர்வெல் எத்தனை அடி போடுவது என்பதை, தண்ணீரே இல்லாத ஊரில் இருப்பவர் சொல்வார். வீட்டில் இருப்பவர்கள் அதை நிறைவேற்றிவிட்டுப் புகைப்படம் அனுப்புவார்கள்.

ஜாஹிராவின் கணவர் மைதீன், கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தம்மாமில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். கல்யாணமாகி ஊரில் அவர் இருந்த நாட்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் ஒரு பிள்ளை பிறந்து நடை பழகும் காலம்கூடத் தேறாது. ஆனால் அவர் இல்லாத வீடு என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஹாலில் மாட்டியிருக்கும் கடிகாரமே அவருடைய நேரத்தைத்தான் காட்டும். சவுதி நேரம். நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். அவர் எழுந்திருப்பாரா, டூட்டிக்குப் போயிருப்பாரா, சாப்பிட்டிருப்பாரா என்று விரல் மடக்கிக் கணக்குப் போடச் சோம்பல்பட்டு, கல்யாணமான புதிதில் ஜாஹிராவே முள்ளைத் திருப்பி வைத்தது. அந்த வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. வந்த விருந்தாளி ஒருவர் அந்தக் கடிகாரத்தை நம்பி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்து, போக வேண்டிய கல்யாண வீட்டில் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து யார் வந்தாலும் ஜாஹிரா முதலில் தண்ணீர் கொடுப்பார், அடுத்து கடிகாரத்தைப் பற்றிச் சொல்வார்.

மைதீன் தினமும் கூப்பிடுவது சவுதியில் இரண்டு மணிக்கு. சாப்பாட்டு இடைவேளை. நமக்கு நாலரை. அந்த நேரத்தில் ஜாஹிரா எங்கே இருந்தாலும் போனும் கையுமாக இருப்பார். ஒரே ஒரு தடவை தவறியது. சீசன் நேரம், அக்கா தங்கைகளோடு குற்றாலத்துக்குப் போயிருந்தார். பழைய அருவியில் பெண்கள் வரிசை நகரவில்லை, போன் பைக்குள், பை அக்கா கையில், அக்கா அருவிக்குள். நனைந்த தலையோடு அவர் வீடு திரும்பியபோது வாசலில் பக்கத்து வீட்டார் நாலு பேர், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், வீரகேரளம்புதூரிலிருந்து பஸ் பிடித்து வந்த தம்பி, எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். மைதீன் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். கோபத்தில் அல்ல, பயத்தில். அதனால்தான் ஜாஹிராவுக்கு அவரிடம் சண்டை போடவும் வழியில்லாமல் போனது.

இப்படிப்பட்ட ஒரு பெண்மணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அச்சில் எதைப் பார்த்தாலும் பிழை பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவர்கள் வெற்றிலைத் தட்டை நீட்டும்போதே கொஞ்சம் பதறுவார்கள். அவர் மாப்பிள்ளை பெயரைப் பார்க்க மாட்டார், ஒற்று எங்கே விட்டிருக்கிறது என்று பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியவர். அடுத்து என்ன படிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மைதீனின் உம்மா பெண் பார்க்க வந்துவிட்டார்.

அச்சகம் வைத்திருக்கும் பாண்டிதான் இந்தக் கெட்ட பழக்கத்தின் பலனைக் கண்டுகொண்டவர். கோயில் கொடை விழா நோட்டீஸ், நிக்காஹ் அழைப்பு, கட்சி போஸ்டர், எதுவானாலும் மெஷினுக்குப் போகுமுன் ஒரு நகல் ஜாஹிரா வீட்டுக்கு வந்துபோகும். எல்லா மதமும் எல்லாக் கட்சியும் அவருடைய சிவப்பு மையில் சமம்.

போன ஆடிச் சாரலில் பாண்டி வந்து ஒரு சேதி சொன்னார்.

"யக்கா, சென்னையில ஒரு கம்பெனி. பழைய புஸ்தகத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துதான். வீட்டுல இருந்தே பிழை திருத்த ஆள் வேணுமாம். ஒரு மணி நேரத் தேர்வு. நீங்க சும்மா பண்ணுததுக்கு அவன் தேர்வு வச்சு ஆள் எடுக்கான்."

ஜாஹிரா வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். அந்தப் பதில் வரவில்லை.

"எப்பம் தேர்வு?" என்று கேட்டார்.

அவருக்கே அது புதிதாக இருந்தது. மருமகள் சஃப்ரின் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

தேர்வு அந்த வாரக் கடைசியில். கம்பெனியின் இணையதளத்துக்குள் போய் நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். போனில் எழுத முடியாது, கம்ப்யூட்டர் வேண்டும். கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. மகன் சுஹைப் காலேஜில் படித்தபோது வாங்கிய லேப்டாப். அவன் ஷார்ஜாவுக்குப் போகும்போது வீட்டில் விட்டுப்போனது இரண்டு: அந்த லேப்டாப், பிறகு கல்யாணம் முடித்துச் சஃப்ரின். இரண்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி உம்மாவிடம் சொல்லியிருந்தான்.

லேப்டாப்பைத் திறந்தார்கள். அது கண் விழிப்பதற்குள் சஃப்ரின் குழந்தையைக் குளிப்பாட்டி முடித்தாள். கம்பெனியின் தளத்துக்குப் போனால், உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது மிகப் பழையது, இதில் திறக்காது என்று வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது விண்டோஸை இது தாங்காது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

மைதீனிடம் சொன்னதற்கு, "அடுத்த லீவுல நான் வருதேன்ல, வந்து பாத்துக்கிடலாம்" என்று பதில் வந்தது. சுஹைப், "நம்ம ஆளு ஒருத்தரு ஊருக்கு வாராரு உம்மா, அவர்ட்ட புது லேப்டாப்பே குடுத்து விடுதேன்" என்றான். நம்ம ஆள் எப்போது வருவார் என்றால் தீபாவளி கழிந்து. இரண்டும் அன்பான பதில்கள். இரண்டிலும் அந்த வாரக் கடைசி இல்லை.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுருங்க, பழசுலயும் ஓடும்," என்றார் பாண்டி. "என் அச்சாபீஸ்ல அதான் ஓடுது. நம்ம வல்லிநாயகம் அண்ணாச்சி குடுத்தது."

வல்லிநாயகத்தை ஜாஹிராவுக்குத் தெரியும். டெலிபோன் இலாகாவில் இருந்தவர், மேலகரத்துக்காரர். மைதீனின் குரல் அந்த வீட்டுக்குள் முதன்முதலில் வந்ததே அவர் இழுத்துக் கொடுத்த வயரில்தான். ஓய்வு பெற்ற பிறகு ஊரெல்லாம் லினக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். காசு வாங்க மாட்டார். வாங்கியிருந்தால் நாலு பேர் நம்பியிருப்பார்கள். இப்போது குற்றாலத்தில் சீசன், தம்பி நடத்தும் லாட்ஜில் அவர்தான் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறார், நேரே அங்கே போங்கள் என்றார் பாண்டி.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மாமியும் மருமகளும் ஆட்டோ பிடித்தார்கள். மேலகரம் தாண்டியதும் சாரல் ஆட்டோவுக்குள் வந்து முகத்தில் தெளித்தது. லாட்ஜ் வாசலில் எண்ணெய் தேய்த்த உடம்புகள் துண்டோடு போய்க்கொண்டிருந்தன. வல்லிநாயகம் ஒரு கையால் சாவி கொடுத்து, ஒரு கையால் ஆதார் வாங்கி, வாயால் அருவி நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மெயினருவில ஆர்ச்சத் தொட்டு விழுது. ஐந்தருவிக்குப் போங்க, கூட்டம் கம்மி. வென்னீ கேக்காதிய, குத்தாலத்துக்கு வந்துட்டு வென்னீ எதுக்கு? … வாங்க தங்கச்சி! மைதீன் பாய் எப்படி இருக்காவ?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. வரிசையில் சாவிக்கு நின்ற ராஜபாளையத்துக்காரர்களை மறந்துபோனார்.

"ரொம்ப ஈசி!"

"அண்ணாச்சி, நீங்க வந்து போட்டுத் தந்தா…"

"இந்தக் கூட்டத்துல நான் எங்கன வர? நீங்களே போடலாம். எத்தன வீட்டுக்குக் குடுத்திருக்கேன், ஒருத்தராவது கஷ்டம்னு வந்து சொன்னதில்ல."

"திரும்பி வந்தாத்தான சொல்லுவாவ" என்றாள் சஃப்ரின், மாமியின் தோளுக்குப் பின்னாலிருந்து.

வல்லிநாயகம் அதைக் கேட்காத மாதிரி மேசை இழுப்பறையைத் திறந்தார். சாவிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பென்டிரைவ் வந்தது. மேலே பிளாஸ்திரி ஒட்டி 'மின்ட்' என்று அந்த லினக்ஸின் பெயர் எழுதியிருந்தது.

"பொதினாவா?" என்றாள் சஃப்ரின்.

"அப்பிடியே வச்சிக்கோ தாயி. இதச் சொருகி, லேப்டாப்ப ஆன் பண்ணுததும் எஃப் பன்னெண்டத் தட்டிக்கிட்டே இருக்கணும். அதுக்கப்பறம் ஒண்ணுமே இல்ல. அது கேக்குத கேள்விக்குப் பதில் சொன்னாப் போதும்."

"என்ன கேள்வி?" என்றார் ஜாஹிரா.

"என்ன பாஷை, எந்த ஊரு, ஒங்க பேரு என்ன, இத அழிக்கலாமா, அத வைக்கலாமா… இப்பிடித்தான்."

"எங்கிட்டயா கேக்கும்?"

வல்லிநாயகம் ஒரு கணம் சாவி கொடுப்பதை நிறுத்தினார். "பின்ன? நீங்கதான முன்னால ஒக்காந்திருப்பிய?"

திரும்பி வரும்போது ஜாஹிரா ஆட்டோவில் பென்டிரைவ் நனையாமல் முந்தானைக்குள் முடிந்து வைத்திருந்தார்.

லினக்ஸ் போடுவது சுலபம் என்று சொல்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே போட்டவர்கள். கஷ்டம் என்று சொல்பவர்கள் எல்லோரும் போடாதவர்கள். நடுவில் நின்று உண்மையைச் சொல்ல ஆள் கிடையாது. மறுநாள் காலை, சமையலை முடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் அந்த நடு இடத்துக்கு இரண்டு பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

முதல் தடவை எஃப் பன்னிரண்டைத் தட்டியது போதவில்லை, விண்டோஸ் வந்து நின்றது. அதை அணைப்பதற்கு ஒரு டீ நேரம். இரண்டாம் தடவை சஃப்ரின் தட்டினாள். அதுவும் விண்டோஸ். மூன்றாம் தடவை ஜாஹிரா, திறக்காத கதவைத் தட்டுகிற மாதிரி விடாமல் தட்டினார். திரை கறுத்தது. வெள்ளை எழுத்து ஓடியது. ஒரு பச்சைப் படம் வந்து அமைதியாக நின்றது.

"வந்துட்டு மாமி, பொதினா!"

மொழி கேட்டது. பட்டியலில் தமிழ் இருந்தது. ஜாஹிரா அதைத் தொட்டதும் திரை முழுக்கத் தமிழானது. அவர் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.

"மாமி, ஸ்க்ரீன்ல எழுதிராதிய."

"அதுக்கில்லட்டி. இந்த வாக்கியத்தப் பாரு, எழுவாய் ஒரு பக்கம் நிக்கி, பயனிலை ஒரு பக்கம் நிக்கி."

"அது என்னமும் நிக்கட்டும். அடுத்தது போங்க."

விசைப்பலகை கேட்டது. சொன்னார். பாட்டு கேட்க, படம் பார்க்க வேண்டியதையும் சேர்க்கவா என்று கேட்டது. சேர் என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. வட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவலாமா?

ஜாஹிரா கையை எடுத்துவிட்டார்.

அழிப்பதற்கு உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாணப் படங்களைச் சஃப்ரின் முன்னமே வேறு பென்டிரைவில் எடுத்து வைத்து, திறந்தும் பார்த்துவிட்டாள். மிச்சமிருந்தது சுஹைபின் கார் பந்தய விளையாட்டுகளும் காலேஜ் ப்ராஜெக்ட்டும். இருந்தாலும், அனைத்தையும் என்று ஒரு சொல் இருக்கிறதே. ஜாஹிரா போனை எடுத்தார். மைதீனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ், சுஹைபுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"ஏங்க, எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்கு. சரின்னு சொல்லவா?"

இரண்டும் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கில் நின்றன. டூட்டியில் இருவருக்கும் போன் லாக்கரில் இருக்கும். ஹால் கடிகாரம் ஒன்பதரை காட்டியது. அவர் போனை எடுக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

மாமியும் மருமகளும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்ப் பெட்டிக்காரர் இப்படிக் காத்திருந்ததில்லை, பத்து நிமிஷத்தில் கடிகாரத்தைப் பார்த்து, அது தப்பு நேரம் காட்டுவதைப் பார்த்து, எழுந்து போய்விடுவார். இது போகவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்று விசாரிக்கவும் இல்லை. வெளியே சாரல் காற்று தென்னையை உலுக்கியது. மின்விசிறி ஒரு தரம் மெதுவானது. லேப்டாப்பின் பேட்டரி செத்து வருஷமாகிறது, கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து.

"மாமி," என்றாள் சஃப்ரின். "அண்ணாச்சி என்ன சொன்னாவ? முன்னால ஒக்காந்திருக்கவங்கட்டதான கேக்குது."

ஜாஹிரா 'இப்போது நிறுவுக' என்ற பொத்தானை அழுத்தினார். அழுத்திவிட்டு, அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி சட்டென்று எழுந்து நின்றார்.

அடுத்து ஒரு உலகப்படம் வந்தது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? கேட்டதோடு நிற்காமல் அதுவே ஒரு பதிலும் எழுதி வைத்திருந்தது. கொல்கத்தா.

"கொல்கத்தாவா?" ஜாஹிராவுக்குச் சிரிப்பு வந்தது. "நமக்கும் கொல்கத்தாவுக்கும் என்னட்டி சம்பந்தம்? தப்பாப் போட்டிருக்கு."

"தென்காசி இருக்கா பாருங்க."

தென்காசி இல்லை. திருநெல்வேலி இல்லை. சென்னைகூட இல்லை. இந்தியா முழுமைக்கும் கொல்கத்தா ஒன்றுதான் இருந்தது. பிழை கண்ட இடத்தில் திருத்தாமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. கடலைத் தாண்டிக் கையை நகர்த்தினார். பாலைவனத்தின் நடுவில் ஒரு புள்ளி. ரியாத். தம்மாமுக்கு அதுதான் நேரம், அவருக்குத் தெரியும். ஹால் கடிகாரமும் அதுதான். வீட்டில் இருக்கும் எல்லாக் கடிகாரமும் ஒன்றுபோல இருந்தால் நல்லதுதானே. அழுத்தினார்.

பிறகு பெயர் கேட்டது. அது சுலபமாக இருந்தது. ரேஷன் கார்டில், கேஸ் புக்கில், எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இன்னொரு பெயருக்குப் பின்னால் கமா போட்டு வரும். இங்கே ஒரே ஒரு கட்டம், அதில் ஜாஹிரா என்று மட்டும் எழுதினார். கடவுச்சொல் கேட்டபோது சஃப்ரினைத் திரும்பிக்கொள்ளச் சொன்னார்.

"நான் பாத்தா என்ன மாமி?"

"திரும்புட்டி."

சாப்பிட்டுக் கை கழுவும்போது எல்லாம் முடிந்துவிட்டது. லேப்டாப் நொடியில் கண் விழித்தது. கம்பெனியின் தளம் மறுபேச்சில்லாமல் திறந்தது. சனிக்கிழமைக்கு நாலு நேரங்கள் காட்டியது: ஏழரை, ஒன்பதரை, பன்னிரண்டு, இரண்டு. ஜாஹிரா யோசித்துத் தேர்ந்தெடுத்தார். இரண்டு மணி. மதிய லுஹர் தொழுதாகிவிடும், பேரன் தூங்கிவிடுவான். மூன்றுக்கு முடிந்துவிடும். நாலரைக்கு போன். இடையில் ஒன்றரை மணி நேரம் மிச்சம். அழகான கணக்கு. ஒருமுறை தேர்ந்த நேரத்தை மாற்ற இயலாது என்று கீழே சிவப்பில் எழுதியிருந்தது. அதில் பிழையில்லை.

நாலரைக்குத் தம்மாமிலிருந்து பதில் வந்தது. "எதையும் தொடாத. நான் வந்து பாத்துக்கிடுதேன்." கொஞ்சம் கழித்து ஷார்ஜாவிலிருந்தும் வந்தது. "உம்மா, நோன்னு சொல்லிரு."

"அதுக்கு அப்பமே சரின்னு சொல்லியாச்சே, என்ன செய்ய?" என்றாள் சஃப்ரின். "இப்பம் ஒங்க மகன்ட்ட என்ன சொல்ல, அது தானாப் போட்டுக்கிட்டுன்னு சொல்லவா?"

"நான் போட்டேன்னே சொல்லு."

மைதீன் திட்டவில்லை. "அப்பிடியா? போட்டாச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கால் மணி முன்பே ஜாஹிரா மேசையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைத் துப்பட்டா, மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் தண்ணீர். போனில் மணி இரண்டு ஆனது. பக்கம் திறந்தது. உங்கள் தேர்வு தொடங்க இன்னும் இரண்டரை மணி நேரம் உள்ளது.

முதலில் அவர் அதைப் பிழை என்றுதான் நினைத்தார். பிறகு ஹால் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பதினொன்றரை. லேப்டாப்பின் மூலையைப் பார்த்தார். பதினொன்றரை. அந்த வீட்டில் பின்தங்கி ஓடும் கடிகாரத்தைக் கண்டு யாரும் திடுக்கிட்டதில்லை. அன்றைக்கு ஜாஹிரா திடுக்கிட்டார்.

வல்லிநாயகத்துக்குப் போன் போட்டார். பின்னணியில் யாரோ வெந்நீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஊரு கேட்டுச்சே, என்ன குடுத்திய தங்கச்சி?"

"ரியாத்."

வெந்நீர்க்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வல்லிநாயகம் கேட்டார்.

"அது கொல்கத்தான்னு தானா காட்டிருக்குமே?"

"காட்டிச்சு. நான்தான் திருத்துனேன்."

"அதான் விஷயம். கம்ப்யூட்டர்ல இந்தியா நேரத்துக்கே பேரு கொல்கத்தாதான். ரியாத்ல இருக்கியன்னு நெனச்சுக்கிட்டு, அந்தக் கம்பெனிக்காரன் நேரத்தையெல்லாம் ரியாத் கணக்குல காட்டிருக்கான். நீங்க பிடிச்ச ரெண்டு மணி, சவுதி ரெண்டு மணி. நமக்கு நாலரை. அத மாத்துதது ரொம்ப ஈசி, மூலையில கடிகாரத்தத் தொட்டு…"

லேப்டாப்பின் நேரத்தை மாற்றுவது உண்மையிலேயே சுலபமாகத்தான் இருந்தது. கொல்கத்தா என்று கொடுத்ததும் முள் இல்லாத கடிகாரம் ஒரே தாவலில் இரண்டரை மணி முன்னே வந்தது. ஆனால் தேர்வு நாலரைக்கு. மாற்ற இயலாது.

நாலரைக்கு மைதீன்.

எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியதில்லை. பக்கத்து வீடு, மோதினார், வீரகேரளம்புதூர் பஸ். எடுத்துப் பேசினால் அரை மணி நேரம் போய்விடும், அவருக்கு அந்த நாளில் இருப்பதே அந்த அரை மணிதான். முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று ஜாஹிரா போனை எடுத்தார். "ஏங்க, நாலரைக்கு எனக்குத் தேர்வு இருக்கு, எழுதட்டுமா?" பேசிப் பதிவானதைக் கேட்டுப் பார்த்தார். அழித்தார். "நாலரைக்குத் தேர்வு வந்துட்டு, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லியே?" அழித்தார். மூன்றாவதாக ஒன்று பேசினார், அதுவும் கடைசியில் கேள்வியாகவே போய் முடிந்தது. எத்தனையோ பேருடைய வாக்கியத்தைத் திருத்தியவருக்கு இந்த ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளியில் நிறுத்த வரவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"சஃப்ரின், நாலரைக்கு நீ எடு."

"என்ன சொல்ல?"

"ஒனக்கு என்ன தோணுதோ சொல்லு."

அஸர் தொழுகை முடித்து வந்து மறுபடி உட்கார்ந்தார். சாரல் விட்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஒரு நிமிடம். 'தொடங்கலாமா?' என்று பக்கம் கேட்டது. அதே நொடியில் போனில் இமோ அழைப்பு அடித்தது. சஃப்ரின் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் நகர்ந்தாள். ஜாஹிரா திரும்பிப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினார். ஆனால் காது அடுக்களையில்தான் இருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா… நல்லாருக்கோம்… இல்ல மாமா, ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல… இங்கனதான் இருக்காவ." சஃப்ரின் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "மாமி டூட்டில இருக்காவ."

அந்த வீட்டில் அந்தச் சொல் புதிதில்லை. எத்தனையோ பெருநாளில், சுஹைப் பிறந்த அன்று, ஜாஹிராவின் மாமனார் மவுத்தாகி அடக்கம் நடந்த அன்று, தம்மாமுக்குப் போட்ட போனை அறைக்கூட்டாளி யாராவது எடுத்து அதே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். பாய் டூட்டில இருக்காரு. அதைக் கேட்டதும் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. அடுத்து ஒரே கேள்விதான் கேட்க முடியும்.

மைதீனும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். சஃப்ரின் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், வேண்டுமென்றே போட்டாளா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

"டூட்டியா? … எத்தன மணிக்கு விடுவாவ?"

"அஞ்சரை ஆவும் மாமா. முடிஞ்சதும் மெசேஜ் போடச் சொல்லுதேன்."

"சரி. அவசரமில்லன்னு சொல்லு." போனை வைக்கப் போனவர் நிறுத்தினார். "சாப்ட்டாளா?"

ஜாஹிரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, முதல் பத்தியின் முதல் பிழையில் கை வைத்தார்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. தேர்ந்தெடுத்திருந்தார்கள். கூடவே ஒரு குறிப்பு: சரியாக இருந்த இரண்டு இடங்களையும் திருத்தியிருக்கிறீர்கள், இனி கவனிக்கவும்.

"அதான, கொல்கத்தா!" என்றாள் சஃப்ரின். அந்தச் சொல் வீட்டில் நிலைத்துவிட்டது. சாம்பாரில் உப்பு சரியாக இருக்கும்போது ஜாஹிரா இன்னொரு சிட்டிகையோடு வந்தால், மருமகள் அடுப்படியிலிருந்தே கொல்கத்தா, கொல்கத்தா என்று கத்துகிறாள். பாண்டி பத்திரிகை நகல் கொண்டுவந்தால் இப்போது கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வல்லிநாயகம் லாட்ஜுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார், அவர் சொல்லும்போது அதில் ரியாத் மட்டும் வருவதில்லை. ஹால் கடிகாரம் இன்னும் தம்மாம் நேரத்தில்தான் ஓடுகிறது. அதை மாற்றலாமா என்று சஃப்ரின் கேட்டதற்கு, அவர் எந்திச்சாரா சாப்ட்டாரான்னு தெரிய வேண்டாமா என்று ஜாஹிரா சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் ஜாஹிராவின் வேலைக்கு நடுவில், மைதீன் போனை லாக்கரில் வைக்குமுன் பேசி அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஜாஹிரா கையிலிருந்த பக்கத்தை முடித்துவிட்டுத்தான் கேட்டார். பின்னால் கிடங்கில் ஏதோ வண்டி பின்வாங்கும் சத்தம். பேசியவர் கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"போன்ல ரெண்டாவது கடிகாரம் ஒண்ணு வச்சுக்கிடலாம்னு சொன்னாங்க. ஒனக்கு எப்ப டூட்டி, எப்ப ஃப்ரீன்னு பாக்கணும்லா. இதுல தென்காசி இல்ல. கொல்கத்தா இருக்கு. போடலாமா? கேட்டுட்டுச் செய்யலாம்னு இருக்கேன்."

ஜாஹிரா அதை இரண்டாம் தடவை கேட்டார். பிறகு, மதியம் வரை காத்திருக்கட்டும் என்று நினைத்தார். பிறகு மனசு கேட்கவில்லை.

"போடுங்க," என்று பேசி அனுப்பினார். "ரொம்ப ஈசிதான்."